தரைக்கு ஒரு சாண் மேலே

ஆத்தியூர் அரசு ஆஸ்பத்திரியில் கால் டாக்டராக இருந்த ஹெப்சிபா, காலையில் கதவைத் திறந்ததிலிருந்து மத்தியானம் சாத்தும் வரைக்கும் தன்னிடம் வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டு நன்றாகத் தலையாட்டிவிட்டு, வாசலைத் தாண்டியதும் அதே காலை ஊன்றி, அதே வெயிலில், அதே வேலைக்குப் போய்விடுவதுதான் அந்த ஊரின் வழக்கமாக இருந்தது. ஆவுடைத்தங்கம் ஒருத்தி மட்டும் அதை அப்படியே கேட்டுவிட்டதால் வந்ததுதான் இவ்வளவும்.

அந்தச் சொல் வேறொன்றும் இல்லை. "ஊனாதீங்க." புண் இருக்கிற கால் தரையில் படாமல் இருந்தால் ஆறும், பட்டால் ஆறாது, மருந்தும் மாத்திரையும் கட்டும் எல்லாம் அதற்குப் பிறகுதான். சர்க்கரை வியாதியில் உணர்ச்சி செத்துப்போன கால்கள் அந்த வட்டாரம் முழுக்க நடந்துகொண்டிருந்தன. வயலிலிருந்தும் செங்கல் சூளையிலிருந்தும் பரோட்டாக் கல்லுக்கு முன்னாலிருந்தும் அவை கிளம்பி வந்து, எக்ஸ்ரே அறையைத் தாண்டி வராந்தாவின் கடைசியில் இருந்த அவளுடைய அறைக்குள் கூச்சத்தோடு நுழைந்தன. ஹெப்சிபா அவற்றைத் தன் கையாலேயே கழுவினாள், ஆணி விழுந்த இடங்களை பிளேடால் பூப்போலச் சீவினாள், கொம்பாகத் தடித்துப்போன நகங்களை வெட்டினாள், கண்ணை மூடச் சொல்லிவிட்டு மெல்லிய நைலான் நரம்பு ஒன்றால் உள்ளங்காலைத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டாள். "தெரியுது டாக்டரம்மா" என்று அவர்கள் சொன்னார்கள். அவள் நரம்பை எடுத்து மேசையில் வைத்துவிட்ட பிறகும்கூட, இவ்வளவு படித்த பெண் மனசு சங்கடப்பட்டுவிடக் கூடாதே என்று, "நல்லாத் தெரியுது" என்று சொன்னார்கள்.

கூடப் படித்தவர்கள் இருதயத்துக்கும் கண்ணுக்கும் போனார்கள். எவரும் கேட்காத காலை ஹெப்சிபா எடுத்துக்கொண்டாள். காலைப் பிடித்துப் பிழைக்கிறவள் என்று அவர்கள் சிரித்தபோது அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் கட்டை விரலில் கடுகளவு தொடங்கிய புண் பாதத்துக்கு ஏறி, பாதத்திலிருந்து கணுக்காலுக்கு ஏறி, கடைசியில் முட்டுக்குக் கீழே கத்தியில் போய் முடிகிற ஒவ்வொரு முறையும், அன்று முழுக்க அவள் ஒருவரோடும் பேச மாட்டாள். அவளுடைய அறையில் கட்டுப் போடுகிற காசிம் பாய் மட்டும் அதைத் தெரிந்துகொண்டு, டீயைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டுப் போவார்.

ஆவுடைத்தங்கம் குற்றாலிங்கத்தின் அரிசி ஆலையில் களத்து வேலை செய்தவள். அவித்த நெல்லை ஆவி பறக்கப் பறக்கச் சிமெண்டுக் களத்தில் கொட்டிப் பரப்பி, வெறுங்காலால் இழுத்து இழுத்து, ஏர் ஓட்டின மாதிரி கோடு கோடாகக் கிளறிக் காயவைக்கிற வேலை அது. உச்சி வெயிலில் மற்றப் பெண்கள் கால் மாற்றி மாற்றித் துள்ளுகையில் அவள் மட்டும் பூஞ்சோலையில் உலாவுகிறவள் போல நிதானமாக நடந்தாள். அதை எல்லோரும் அவளுடைய பொறுமை என்று நினைத்தார்கள், அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஒருநாள் காயப்போட்ட நெல்லில் சிவப்பாக ஒரு கோடு ஓடுவதைப் பார்த்து, கூட வேலை செய்த அவளுடைய மதினி செண்பகவடிவு, "ஏ மதினி, உன் காலைப் பாரு" என்று கத்தினாள். ஆவுடை பார்த்தாள். வலது கட்டை விரலுக்குக் கீழே உள்ளங்காலில் ஒரு குழி இருந்தது, அதற்குள் ஒரு நெல்மணி இருந்தது. அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

ஹெப்சிபா ஒருமுறை அந்தக் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினாள்; நெல் கழுவுகிற தொட்டித் தண்ணீரில் நின்று நின்று அது இட்லி மாவாகித் திரும்பி வந்தது. புண் ஆழமாகிக்கொண்டே போனது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் சர்ஜன் பார்த்துவிட்டு, இனி வைத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை, காலை எடுத்துவிடலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அப்படிப்பட்ட கால்கள் எங்கே போய் முடியும் என்று பார்த்துப் பார்த்துக் களைத்தவர். ஹெப்சிபா மன்றாடினாள். ஆடி மாதம் முடியட்டும், அதுவரை பார்ப்போம் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஆவுடையை மேசையில் உட்காரவைத்துக் கட்டை மாற்றி முடித்தபோது, ஹெப்சிபாவுக்கு என்ன தோன்றியதோ, ஸ்டூலை விட்டு இறங்கித் தரையில் மண்டியிட்டு, அந்த இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, காலைத் தொடாதீங்க டாக்டரம்மா, எனக்குப் பாவம் வந்து சேரும்" என்று ஆவுடை பதறினாள்.

"சேரட்டும். ஆவுடையக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. புண் ஆறுற வரைக்கும் இந்தக் கால் தரையில படக் கூடாது. வீட்டுல, களத்துல, கோயில்ல, எங்கயும் படக் கூடாது. உங்க காலைப் பிடிச்சிக் கேக்கேன்."

ஆவுடை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வயசுக்கு யாரும் தன்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "காலைப் பிடிச்சிக் கேட்டுட்டிய. இனி நான் என்னத்தச் சொல்ல?" என்றாள் மெல்ல. "சரி. ஊனல."

சொல்லிவிட்டு மேசையிலிருந்து இறங்கினாள். இறங்கியவள் தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டாள்.

ஹெப்சிபா குனிந்து பார்த்தாள். இரண்டு உள்ளங்கால்களுக்கும் தரைக்கும் நடுவே ஜன்னல் வெளிச்சம் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இத்தனை காலத்தில் சொன்ன பேச்சைக் கேட்ட முதல் நோயாளி என்ற நினைப்பில் அவளுக்குக் கண் கலங்கியது. காசிம் பாய் விளக்குமாற்றைக் கொண்டுவந்து, ஆவுடையின் காலுக்கு அடியில் கிடந்த பழைய கட்டுத் துணியைக் கூட்டித் தள்ளிவிட்டு, "அடுத்த ஆளைக் கூப்பிடலாமா டாக்டர்?" என்றார்.

ஆவுடை வராந்தாவில் நடந்து, வாசற்படிகளை இறங்காமலே இறங்கி, பஸ் நிலையத்தைக் கடந்து வீட்டுக்குப் போனாள். உட்கார்ந்தால் உட்கார முடிந்தது, படுத்தால் படுக்க முடிந்தது. நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும் கால்கள் அந்த ஒரு சாணை விட்டுக்கொடுக்கவில்லை. முதல் நாள் தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. இரண்டாம் நாள் பாதித் தெரு பார்த்தது. அதற்கப்புறம் அவரவர் பாட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். வாசல் நிலையில் அவள் தலை இடித்துக்கொண்டே இருந்ததால் பக்கத்து வீட்டுக் கொத்தனார் வந்து நிலையை உயர்த்திக் கொடுத்தார். ரேஷன் கடை வரிசையில் பின்னால் நின்ற பெண்கள் அவள் தலை மறைக்கிறது என்று சண்டை போட்டு, அவளைச் சுவரோரமாக நிற்கவைத்தார்கள். தெரு நாய்கள் கொஞ்சநாள் குரைத்துவிட்டு, மத்தியான வெயிலில் அவள் நிழலில் வந்து படுத்துக்கொள்ளப் பழகின. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளுக்கு அவள் நிற்கும்போது காலுக்கு அடியில் கோலிக்குண்டு உருட்டி மறுபக்கம் எடுப்பது ஒரு விளையாட்டாகிப் போனது, அவளும் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து அவர்களுக்கு வழிவிட்டாள்.

வேலைதான் சிக்கலாக இருந்தது. களத்தில் அவளுடைய கால் நெல்லுக்கு எட்டவில்லை. பலகையைக் கொடுத்துத் தள்ளச் சொன்னால், நெல் நகராமல் அவள்தான் பின்னால் போனாள். ஊன்றுவதற்குப் பிடிமானம் இல்லாதவளால் உலகத்தில் எதையும் தள்ளவும் முடியவில்லை இழுக்கவும் முடியவில்லை என்பதை அப்போதுதான் எல்லோரும் கண்டுகொண்டார்கள். குற்றாலிங்கம் மீசையைத் தடவியபடி களத்தோரம் நின்று நெடுநேரம் யோசித்தார்.

"ஆவுடை, நீ காக்கா விரட்டு" என்றார் கடைசியில். "நெல்லு கலையாம அதுக்கு மேலயே நடக்கதுக்கு ஆத்தியூர்ல வேற யாரு இருக்கா?"

அப்படியே அவள் பரப்பிய நெல்லின் மேல் ஒரு மணிகூட அசையாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்து காக்கை, குருவி, புறா எல்லாவற்றையும் விரட்டினாள். ஆடிக் காற்று ஆரம்பித்ததும் அவள் பட்டம் போல வாய்க்கால் பக்கம் நகரத் தொடங்கியதால், செண்பகவடிவு அவள் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையைக் களத்துத் தூணில் கட்டிவைத்தாள். காற்று ஓங்கி அடிக்கும்போது ஆவுடை கயிற்றின் நீளத்துக்கு ஒருபக்கமாகச் சாய்ந்து நின்று, "ஏ வடிவு, இழுட்டி" என்பாள். வடிவு இழுப்பாள். மதினிகள் இருவரும் அதற்கும் சிரிப்பார்கள்.

ஹெப்சிபா தினமும் மாலையில் வந்து கட்டு மாற்றினாள். குழியின் ஓரங்கள் இளஞ்சிவப்பாகி உள்நோக்கி நகர்வதை, மழைக்குப் பிறகு முளைக்கிற வயலைப் பார்க்கிறவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்குள் செய்தி சுற்றூர்களுக்குப் போய்விட்டது. ஊர் அம்மன் உச்சினிமாகாளி அவள்மேல் இறங்கியிருக்கிறாள் என்றார்கள். மண்ணில் கால் படாத தாய் என்றார்கள். மல்லிகைப் பூவும் மஞ்சளும் பால் செம்பும் எடுத்துக்கொண்டு வேன் பிடித்து வந்தார்கள். ஒருத்தி கட்டுக்கு மேலேயே பாலை ஊற்றினாள். இன்னொருவர் அவளுடைய காலுக்கு நேர் கீழே தட்டில் சூடத்தைக் கொளுத்தி வைத்தார். உணர்ச்சியற்ற அந்தக் காலின் கீழே தீ நாக்கை நீட்டிக்கொண்டிருக்க, ஆவுடை ஒன்றும் தெரியாமல் சிரித்தபடி கும்பிட்டுக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து வந்த ஹெப்சிபா பாய்ந்து போய்த் தட்டைக் காலால் எற்றிவிட்டாள். கூட்டம் திகைத்தது. டாக்டரம்மா சாமித் தட்டை எற்றிவிட்டாள் என்ற முணுமுணுப்பு எழுந்து, ஒருவர் கையை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

அவருடைய கையை ஹெப்சிபா பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். கோயிலுக்கு வருவதுபோல எல்லோரும் செருப்பில்லாமல் வந்திருந்தார்கள், அவருடைய சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது.

"அண்ணாச்சி, உங்க விரல்ல என்ன?"

"எதுல?" என்றார் அவர். குனிந்து பார்த்தார். ஓங்கிய கை தானாக இறங்கியது.

அன்றைக்கு ஹெப்சிபா ஒரு முடிவுக்கு வந்தாள். மறுநாள் ஆவுடையின் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள், பக்கத்தில் காசிம் பாய் வாளியில் தண்ணீரும் கையில் நைலான் நரம்புமாக நின்றார். அம்மனைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் தங்கள் காலைக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்சம் முனகிவிட்டு ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. வரிசையில் வந்து கால் கழுவி, கண்ணை மூடி, தெரிகிறதா இல்லையா என்று சொல்லி, அதற்கப்புறம் உள்ளே போய்ப் பூப்போட்டுக் கும்பிட்டார்கள். அம்மன் சன்னிதியில் பொய் சொல்லக் கூடாது என்பதால், அந்த வாசலில் மட்டும் எல்லோரும் "தெரியல டாக்டரம்மா" என்று உண்மையைச் சொன்னார்கள். உள்ளங்காலில் ஆணி குத்தி நாள்கணக்காக அதோடு நடந்தவர்கள், விரலிடுக்கில் சீழ் வைத்திருந்தவர்கள், எலி கடித்ததுகூடத் தெரியாதவர்கள் என்று இத்தனை காலம் ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்காத கால்கள் தாமாகவே அவளைத் தேடி வந்துகொண்டிருந்தன.

கோயில் கொடைத் திருவிழா நெருங்கியபோது குற்றாலிங்கம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர்தான் உச்சினிமாகாளி கோயிலுக்கும் தர்மகர்த்தா. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"டாக்டர், கொடை ஊர்வலத்துல ஆவுடை முன்னால போவாள்னு சுத்துப்பட்டி பூரா சொல்லியாச்சி. அந்தப் புண்ணு இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா ஆறிக்கிட்டு வருது."

"அதான் பயமா இருக்கு" என்றார் அவர். "ஆறிட்டுன்னா இறங்கிருவால்லா? கொடை முடியுத வரைக்கும் கொஞ்சம் மெதுவா ஆத்த முடியுமா?"

ஹெப்சிபா எழுந்து நின்றுவிட்டாள். "உங்க களத்துல வேலை பாக்குறவங்க எல்லாருக்கும் செருப்பு வாங்கிக் குடுங்கன்னு எத்தனை தடவை கேட்டேன்? அப்ப என்ன சொன்னீங்க?"

"நெல்லு லெச்சுமி டாக்டர். லெச்சுமியச் செருப்பால மிதிக்கலாமா?"

"அப்ப அந்தப் பொம்பளைங்க காலு யாரு அண்ணாச்சி?"

குற்றாலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

புண் அவருக்காகக் காத்திருக்கவில்லை. கொடைக்கு முந்தின வாரத்தில் அது முழுசாக மூடிக்கொண்டது. ஹெப்சிபா அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சர்ஜன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பளபளவென்றிருந்த புதுத் தோலை விரலால் அழுத்திப் பார்த்தார், காலுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியைச் சற்று நேரம் பார்த்தார். "எடை படாம நல்லா வச்சிருக்கீங்க" என்றார். "இனி எடுக்க வேண்டியதில்ல." வெளியே வந்ததும் ஹெப்சிபா வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதாள், ஆவுடை மேலிருந்து குனிந்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

ஆனால் கால்கள் இறங்கவில்லை.

"இப்ப ஊனலாம்க்கா" என்றாள் ஹெப்சிபா, ஊர் திரும்பியதும். ஆவுடை முயன்றாள்; முகம் சிவக்க முக்கினாள்; செண்பகவடிவு தோளில் தொங்கிக்கூடப் பார்த்தாள். அந்த ஒரு சாண் அப்படியே இருந்தது. அன்று மாலை வீட்டில் டாக்டரும் அவளும் மட்டும் இருந்தபோது ஆவுடை கட்டிலில் உட்கார்ந்து தன் கால்களை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உண்மையச் சொல்லட்டா டாக்டரம்மா? எனக்கு இறங்க மனசில்ல. தரையே தெரியாத காலுக்குத் தரையில இருந்தா என்ன, மேல இருந்தா என்ன? மேல இருந்தா எல்லாரும் என் காலப் பாக்காவ, பூப்போடுதாவ. கீழ இருந்த வரைக்கும் ஒருத்தரும் பாக்கல. நானே பாக்கல."

ஹெப்சிபாவிடம் அதற்கு மருந்து இல்லை. அவளிடம் இருந்ததெல்லாம் அளவு நாடா ஒன்றுதான். அதை எடுத்து, ஆவுடையின் இரண்டு பாதங்களையும் நீளமும் அகலமும் மேடும் பள்ளமுமாக அளந்துகொண்டாள்.

"இந்தத் தடவை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்க்கா. உங்களுக்குன்னு ஒரு செருப்பு தச்சி வைக்கேன். போடணும்னு தோணினா போடுங்க."

கொடையன்று காலையில், கொடை முடிந்து ஊருக்கே ஆக்கிப் போடுவதற்கான நெல் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் அரைத்தாக வேண்டும். செருப்புத் தைக்கிறவர் அப்போதுதான் முடித்துக் கொடுத்த புதுச் செருப்பை, மெத்தென்ற ரப்பர் அடியும் அகலமான வாருமாக, ஹெப்சிபா ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆலைக்குள் நுழைந்தாள். அவள் நுழையவும் மலைப்பக்கமிருந்து சாரல் மேகம் திரண்டு இறங்கவும் சரியாக இருந்தது. "மழ வருதுட்டி" என்று ஒரு குரல் எழும்ப, களம் முழுக்க ஓட்டமானது. பெண்கள் நெல்லைக் கூட்டிக் குவித்தார்கள், தார்ப்பாயை விரித்து இழுத்தார்கள். செண்பகவடிவு தார்ப்பாயின் முனைக் கயிறு நழுவாமலிருக்க அதைக் கையில் சுற்றிக்கொண்டு முன்னால் ஓடினாள். அப்போது வந்த ஒரு காற்று தார்ப்பாயின் அடியில் புகுந்து, அதைப் பாய்மரம் போல உப்பவைத்துத் தூக்கியது. மற்றவர்கள் கைகளிலிருந்து கயிறுகள் பிய்த்துக்கொண்டு போயின. கையில் சுற்றியிருந்த வடிவின் கயிறு மட்டும் அவிழவில்லை. காற்று அவளைத் தரையோடு இழுத்துக்கொண்டு, களத்தின் மறுமுனையில் நெல் ஊறுவதற்காக வெந்நீர் கொதித்து ஆவி விட்டுக்கொண்டிருந்த தொட்டியை நோக்கிப் போனது.

"மதினீ!"

ஆவுடை இடுப்புக் கயிற்றை அவிழ்த்தெறிந்தாள். காற்றோடு காற்றாக வந்து வடிவின் கயிற்றை எட்டிப் பிடித்தாள், பலமெல்லாம் சேர்த்து இழுத்தாள். என்ன இழுத்து என்ன? ஊன்ற இடமில்லாத அவளையும் சேர்த்துக் காற்று கொண்டுபோனது. முன்னால் தார்ப்பாய், நடுவில் வடிவு, பின்னால் ஆவுடை என்று மூன்றும் ஆவியை நோக்கி வழுக்கிக்கொண்டிருந்தன. ஹெப்சிபா பக்கத்திலேயே ஓடினாள்.

ஆவுடை கீழே பார்த்தாள். காலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"செருப்ப மாட்டுங்க டாக்டரம்மா!" என்று கத்தினாள். "நான் ஊனணும்!"

வாழ்நாளெல்லாம் கால்களைப் பிடித்த கை அது. ஓடிக்கொண்டே ஒரு காலைப் பிடித்து மாட்டினாள், விழுந்தாள், முட்டி சிராய்க்க எழுந்தாள், மறு காலைப் பிடித்து மாட்டினாள், வாரை இறுக்கினாள். "விலகுங்க" என்றாள் ஆவுடை. விலகினாள்.

ஆவுடைத்தங்கம் ஊன்றினாள்.

களம் அதிர்ந்தது என்று அங்கே இருந்த எல்லோரும் சொல்கிறார்கள். உமியும் தூசியும் இரண்டு பாதங்களைச் சுற்றியும் வட்டமாகக் கிளம்பின. அவள் முட்டிகளை மடக்கி, குதிகாலை அழுத்தி, பின்னால் சாய்ந்து நின்றாள். கயிறு வீணைத் தந்தி மாதிரி விறைத்தது, தொட்டியின் விளிம்புக்குக் கை எட்டும் தூரத்தில் செண்பகவடிவு இழுபடாமல் நின்றாள், தார்ப்பாய் சடசடவென்று அடித்துக்கொண்டு காற்று போன பிறகு பொத்தென்று விழுந்தது. பெண்கள் ஓடி வந்து கயிற்றை அறுத்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வடிவைத் தூக்கினார்கள், பாதிப் பேர் தார்ப்பாயை நெல்லின் மேல் இழுத்து மூடினார்கள். பெருந்தூறல் அதற்கப்புறம்தான் விழுந்தது.

ஆவுடை நின்ற இடத்திலேயே நனைந்துகொண்டு நின்றாள். காலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு நூல்கூட நுழைய இடமில்லை.

"வலிக்குதாக்கா? ஏதாவது தெரியுதா?" என்றாள் ஹெப்சிபா, மூச்சு வாங்க.

ஆவுடை கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். "உள்ளங்கால்ல ஒண்ணும் தெரியல. ஆனா முட்டில தெரியுது. இடுப்புல தெரியுது. முதுகுல தெரியுது." கண்ணைத் திறந்தாள். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. "நான் எவ்வளவு கனமா இருக்கேன் டாக்டரம்மா!"

குற்றாலிங்கம் குடை கூடப் பிடிக்காமல் ஓடி வந்தார். வடிவின் கையில் கயிறு அறுத்த தடத்தைப் பார்த்தார், மூடியிருந்த நெல்லைப் பார்த்தார், களத்தின் நடுவே செருப்புக் காலோடு நின்ற ஆவுடையைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்கு முன்னால் அங்கிருந்த பெண்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மழை பெய்துகொண்டிருந்தது.

"டாக்டர்" என்றார் கடைசியில். "எல்லாருக்கும் கால அளந்துருங்க."

சாயங்காலம் மழை வெறித்து, வானம் தெளிந்திருந்தது. சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் கோயில் முன்னால் திரண்டு நின்றது. நையாண்டி மேளம் முழங்க, முளைப்பாரி தூக்கிய பெண்களுக்கு முன்னால் ஆவுடைத்தங்கம் சந்தனமும் குங்குமமுமாகப் புதுச் சேலையில் வந்தாள். எல்லோரும் காலைத்தான் பார்த்தார்கள். அவள் தரையில் நடந்து வந்தாள், அதுவும் செருப்போடு. மேளம் ஒரு நிமிஷம் தடுமாறியது. அம்மன் முன்னால் செருப்பா என்று எங்கோ ஒரு குரல் கேட்டது, மேலே நிற்பாள் என்றார்களே என்று இன்னொரு குரல். அப்போது கூட்டத்திலிருந்து, சுண்டுவிரலில் வெள்ளைக் கட்டும் காலில் புதுச் செருப்புமாக, அன்றைக்குக் கை ஓங்கிய அந்த மனிதர் முன்னால் வந்தார்.

"தாயி ஊனிட்டா!" என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார். "நல்லாப் பாருங்கவே, கால் போகாம ஊனிட்டா!"

முதலில் களத்துப் பெண்கள் குலவை இட்டார்கள். பிறகு அந்த வாசலில் காலைக் காட்டியவர்கள், கட்டுப் போட்டவர்கள், கம்பு ஊன்றி வந்தவர்கள் என்று ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்ள, குலவை தெருத் தெருவாகப் பரவி வாய்க்கால் வரைக்கும் போய்த் திரும்பியது. மேளம் மறுபடியும் பிடித்துக்கொண்டது. பெண்கள் வட்டம் கட்டிக் கும்மி கொட்டத் தொடங்கினார்கள். கையில் கட்டோடு செண்பகவடிவு, அவளுக்குப் பக்கத்தில் ஆவுடை.

"மெதுவாக்கா, மெதுவா! புதுத் தோலு!" என்று ஹெப்சிபா கூட்டத்துக்கு வெளியே நின்று கத்தினாள். "ஓங்கி மிதிக்காதீங்க!"

ஊரில் உள்ள மற்ற எல்லா நோயாளிகளையும் போலவே ஆவுடைத்தங்கமும் நன்றாகத் தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு, வட்டத்தை விட்டு வந்து, டாக்டரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். பிறகு இருவரும் சேர்ந்து, மழையில் நனைந்த அந்த மண்ணை ஓங்கி ஓங்கி மிதித்து ஆடினார்கள்.